கறளுக்குள் இருக்கும் உப்பு



போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது பழைய இரும்பு வாங்கும் லொறி நம் சந்தியில் நின்றது. தட்டில் கிடந்தவற்றைச் சும்மா எட்டிப் பார்த்தேன். தகரம், சைக்கிள் ரிம், உடைந்த நீர்ப்பம்பி. அவற்றுக்கு அடியில் ஒரு தையல் மெஷினின் கால். வார்ப்பிரும்பில் பூவேலை செய்த பழைய கால். நடுவில் சிங்கர் என்ற ஆங்கில எழுத்துகள் கறளுக்குள்ளும் தெரிந்தன. யாருடையது என்று கேட்டேன். "இந்த ஊர்லதான் சேர், யாரோ ஒரு உம்மா தந்தவங்க, கறள் தின்னுட்டுது, இனி ஒண்டுக்கும் உதவாதாம்" என்றார் லொறிக்காரர். எடை போட்ட விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்து வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் ஏச்சு விழுந்தது, அது வேறு கதை.

அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று மனதில் கிடந்தது. நம் ஊரில் இன்னும் எத்தனையோ வீடுகளில் இப்படியான சாமான்கள் கிடக்கின்றன. கிணற்றடியில், கோழிக்கூட்டின் மேல், வளவு மூலையில். 1990 ஒக்டோபரில் விட்டுப் போனவை. திரும்பி வந்து காடு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்தவை. அவற்றைச் சிலர் விற்கிறோம். சிலர் ஆசைப்பட்டுத் தேய்த்துத் தேய்த்தே கெடுக்கிறோம். இரண்டாவது வகையில் நானும் ஒருவன். அதை முதலில் ஒத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

நான் பிறந்தது 1991-இல், புத்தளத்தில் ஓர் ஓலைக் கொட்டிலில். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. சிலாவத்துறையை எனக்கு முதலில் சொல்லித் தந்தது உம்மும்மாதான். அவர் சொன்ன ஊரில் எப்போதும் ஒரு தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். தவணை முறையில் வாங்கிய சிங்கர். பெருநாளுக்கு முந்திய இரவுகளில் அது விடியும்வரை ஓடுமாம். வெளியேறும்போது அதைத் தூக்கிக்கொண்டு போக வழியில்லை. தலையை மட்டும் கழற்றி, சாக்கில் சுற்றி, வீட்டின் பின்பக்கம் மாமா புதைத்தார். இரண்டு மூன்று மாதத்தில் வந்துவிடுவோம் என்ற கணக்கு.

இருபது வருடம் ஆனது. அதற்கிடையில் 1991 மார்ச்சில் இங்கே முகாமைச் சுற்றிப் பெரிய சண்டை. 2007 செப்டெம்பரில் ஊர் மறுபடி இராணுவத்தின் கைக்கு வந்தது. 2009-இல் யுத்தம் முடிந்தது. 2010-இல் வளவைத் துப்புரவாக்கும்போது மாமா குறித்து வைத்திருந்த இடத்தில் தோண்டினோம். சாக்கு மண்ணாகிப் போயிருந்தது. மெஷின் இருந்தது. பனங்கிழங்கைப் போல மண்ணும் கறளும் அப்பிய ஒரு கட்டி.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு நின்ற நேரம். உம்மும்மாவுக்கு ஓர் அதிசயம் காட்ட வேண்டும் என்று துடிப்பு. ஒரு நண்பனிடமிருந்து கிரைண்டர் வாங்கி வந்து, சாண்ட் பேப்பர் வட்டை மாட்டி, ஒரே பின்னேரத்தில் வெள்ளை வெளேரென்று ஆக்கிவிட்டேன். கறுப்புப் பெயின்ற் போனது. தங்க நிறப் பூக்கள் போயின. வலப்பக்கத்தில் மேடாக இருந்த ஒரு சின்னச் சதுரத்தில் ஏதோ எண்கள் வெட்டியிருந்தன. அதையும் சமமாக்கிவிட்டேன். முதலில் இருந்த E என்ற எழுத்து மட்டும் அரைகுறையாகத் தப்பியது.

உம்மும்மா வந்து தடவிப் பார்த்தார். "எழுத்தெல்லாம் எங்க மகன்?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

அடுத்த மாரிக்கு அது மறுபடியும் கறள் பிடித்தது. முன்பைவிட வேகமாக, செம்மஞ்சள் நிறத்தில், வியர்வைத் துளிகள் போல. அந்தத் துளிகளைப் பார்த்துத்தான் எனக்குக் கேள்வி வந்தது. கறளை எல்லாம் எடுத்துவிட்டேனே, இது எங்கிருந்து வருகிறது?

பதில் தெரிய எனக்குச் சில வருடம் பிடித்தது. கலாசாலையில் விஞ்ஞானம் படித்தபோது பாதி, பிறகு தேடி வாசித்ததில் மீதி. சுருக்கமாகச் சொல்கிறேன். இரும்பு கறள் பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். ஆனால் நம் கரையில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, உப்பு. உப்பிலுள்ள குளோரைட்டு கறளின் துளைகள் வழியே உள்ளே போய், கறளுக்கும் நல்ல இரும்புக்கும் நடுவில் குந்திக்கொள்கிறது. மேலே தேய்த்தால் கறள் போகும். குழிகளுக்குள் இருக்கும் உப்பு போகாது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடரும். நான் கண்ட வியர்வைத் துளி அதுதான். மேலே எண்ணெய் பூசினால் உப்பை உள்ளே வைத்து மூடியதாகத்தான் ஆகும்.

இதை உலகம் எப்படிக் கற்றுக்கொண்டது என்று தேடியபோது எனக்கு மேனி சிலிர்த்த ஓர் இடம் உண்டு. முதலாம் உலக யுத்தத்தில் லண்டன் மீது குண்டு விழுந்த காலம். பிரிட்டிஷ் நூதனசாலை தன் அரும்பொருட்களில் ஒரு பகுதியைப் பாதுகாப்புக்காக நிலத்துக்கு அடியில் ரயில் சுரங்கத்துக்குள் கொண்டுபோய் வைத்தது. யுத்தம் முடிந்து திரும்ப எடுத்துப் பார்த்தால், இரும்புப் பொருட்கள் கறள் பிடித்திருந்தன, வெண்கலங்களில் பச்சைப் பொடி பூத்திருந்தது. ஆயிரம் இரண்டாயிரம் வருடம் தாங்கியவை அந்தக் கொஞ்ச நாளில் கெட்டுப் போயின. என்ன செய்வது என்று தெரியாமல் அலெக்சாண்டர் ஸ்கொட் என்ற இரசாயனவியலாளரை அழைத்தார்கள். 1920-இல் அவருக்காக அங்கே ஓர் ஆய்வுகூடம் திறக்கப்பட்டது. 1888-இலேயே பெர்லினில் ஃபிரீட்ரிக் ராத்கென் என்பவர் நூதனசாலைக்கென்று ஓர் ஆய்வுகூடத்தை நடத்தத் தொடங்கியிருந்தார். ஆனால் லண்டன்காரர்களை அந்த வழிக்குத் தள்ளியது யுத்தமும், மண்ணுக்கடியில் ஒளித்து வைத்த சாமானும்தான். மாமா சாக்கில் சுற்றிப் புதைத்ததும் அதே காரியம்தானே. அவர்களுக்கு அடுத்த வருடம் ஓர் ஆய்வுகூடம் கிடைத்தது. எங்களுக்கு இருபது வருடம் கழித்து ஒரு கிரைண்டர் கிடைத்தது.

நமக்குப் பக்கத்தில் இந்த வேலை தொடங்கியது சென்னை எழும்பூரில். அங்குள்ள அரசு நூதனசாலையில் சோழர் காலத்து வெண்கலச் சிலைகள் நிறைய. பெரும்பாலும் மண்ணுக்குள் புதையலாகக் கிடைத்தவை. எடுத்து வந்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பிறகும் சிலவற்றில் வெளிர்பச்சைப் பொடி கொட்டிக்கொண்டே இருந்தது. வெண்கல நோய் என்று இதற்குப் பெயர். கதை இரும்பில் நடப்பதுதான்: உள்ளே பதுங்கிய குளோரைட்டு, காற்றின் ஈரம் பட்டதும் அமிலமாகி, மேலும் செம்பைத் தின்று, மறுபடி குளோரைட்டாகிறது. தானாக நிற்காது. இதற்கு மருந்து பார்க்கவென்றே 1930-இல் அங்கே இரசாயன ஆய்வுகூடம் ஒன்றை ஆரம்பித்தார்கள். பொறுப்பேற்றவர் எஸ். பரமசிவன் என்ற தமிழர். சிலையைக் காரக் கரைசலில் இறக்கி, மின்கலத்தின் எதிர்முனையோடு இணைத்து, மெல்லிய மின்னோட்டத்தை விட்டு, உள்ளிருக்கும் குளோரைட்டை வெளியே இழுக்கும் முறையை அவர் கையாண்டார். ஒரு சிலைக்கு நாட்கணக்கில், சிலவேளை அதைவிடக் கூடுதலாக. தேய்த்துப் பளபளப்பாக்குவது அவர் நோக்கமல்ல. சிலையின் விரல் நகமும் ஆபரண வேலையும் அப்படியே இருக்க வேண்டும், நோய் மட்டும் போக வேண்டும்.

பளபளப்பைப் பற்றிக் கதைக்கும்போது நம் கடலையும் சொல்ல வேண்டும். சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி என்று இந்தக் கரை முழுவதும் முத்துக்குளிப்புக் காலத்தில் ஓலைக் கொட்டில் நகரங்கள் முளைத்தது உங்களுக்குத் தெரியும். அரிப்பில் ஆளுநர் ஃபிரெட்ரிக் நோர்த் கட்டிய டொரிக் மாளிகை அதைக் கண்காணிக்கத்தான். அங்கே முத்துகளைப் பருமன் வாரியாகப் பிரிக்கப் பத்துச் சல்லடைகள் இருந்தன. எல்லாம் பித்தளை. முதலாவதில் 20 துளைகள், அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100 என்று கூடிக்கொண்டு போய்ப் பத்தாவதில் 1000 துளைகள். துளை எண்ணிக்கை கூடக்கூட அளவு சிறுக்கும். எந்தச் சல்லடையில் தங்கியது என்பதை வைத்தே முத்தின் தரம் நிற்கும். இரும்பில் செய்திருந்தால் இந்த உப்புக் காற்றில் ஒரு பருவத்துக்குள் துளைகள் கறளால் அடைபட்டிருக்கும். பித்தளையும் களிம்பு பிடிக்கும். அதைச் சாம்பலும் புளியும் போட்டு உரஞ்சி உரஞ்சித் துளை ஒரு நூல் பெருத்துவிட்டால்? மேலே நிற்க வேண்டிய முத்து கீழே விழும், விலையும் விழும். ஒரு கருவியைச் சுத்தமாக்குவதும் அதன் அளவைக் காப்பதும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. தையல் மெஷினின் ஓடத்துக்கும் அதன் கூட்டுக்கும் இடையிலும் அப்படியொரு மயிரிழை இடைவெளிதான். கறளை எடுக்கிறேன் என்று அதைத் தேய்த்துப் பெருப்பித்தால் பிறகு நூல் பிடிக்காது. உம்மும்மாவின் மெஷின் இன்றும் தையல் விடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி நம் தெற்குக் கடலுக்கு ஒரு நடை. கிரிந்தைக் கரைக்கு அப்பால் கடலுக்குள் ஒரு பாறைத் தொடர். சிங்களத்தில் மகா இராவணா கோட்டுவ என்பார்கள், ஆங்கிலத்தில் கிரேட் பாசஸ். 1873-இல் கட்டிய வெளிச்சவீடு அதில் நிற்கிறது. 1961 மார்ச்சில் மைக் வில்சன் என்ற சுழியோடி, இரண்டு பையன்களோடு அங்கே இறங்கியபோது கடலடியில் வெள்ளிக் காசுகளைக் கண்டார். தனித்தனிக் காசுகளும் இருந்தன, ஆயிரம் காசளவு ஒன்றாக இறுகிய கட்டிகளும் இருந்தன. அந்தக் காசுகளைக் கட்டியிருந்த பை உக்கிப் போய்விட்டது. காசுகள் மட்டும் பையின் வடிவத்திலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தன. 1963-இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் பீற்றர் துரொக்மோட்டன் என்ற கடலடித் தொல்லியலாளரும் சேர்ந்து மறுபடி போனார்கள்.

அந்தக் காசுகளில் என்ன இருந்தது தெரியுமா? பாரசீக எழுத்தில் முகலாயச் சக்கரவர்த்தி ஒளரங்கசீப் ஆலம்கீரின் பெயர். அச்சடித்த இடம் சூரத். ஆண்டு ஹிஜ்ரி 1113. அதாவது கிறிஸ்து ஆண்டு 1701-1702. அந்தக் கப்பலின் பெயரோ கப்டனின் பெயரோ காசில் இல்லை. கப்பல் எந்தக் காலத்தில் போனது என்று சொல்வது அந்த நான்கு இலக்கம்தான். 260 வருடம் உப்புத் தண்ணீருக்குள் கிடந்தும், ஒன்றை ஒன்று மூடிக்கிடந்ததால் உள்ளே இருந்த காசுகளின் எழுத்து அழியவில்லை. கண்டவர்கள் அவற்றை வெள்ளிக் கட்டி என்று உருக்கியிருந்தால், அல்லது என்னைப் போல சாண்ட் பேப்பர் போட்டிருந்தால், வெள்ளி மிஞ்சியிருக்கும், வருடம் மிஞ்சியிருக்காது. இதை வாசித்த இரவு எனக்கு உம்மும்மாவின் மெஷினிலிருந்த அந்தச் சின்னச் சதுரம் ஞாபகம் வந்தது.

அந்தச் சதுரத்தின் கதை இது. சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்தது 1877-இல். நம் பக்கத்தில் ஓடிய பழைய மெஷின்களில் நிறைய ஸ்கொட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரிலிருந்த தொழிற்சாலையில் செய்தவை. 1885-இல் திறந்து, முதலாம் உலக யுத்தத்துக்கு முந்தியே வருடத்துக்கு 10 லட்சத்துக்கு மேல் மெஷின் செய்த மாபெரும் தொழிற்சாலை அது. 1980-இல் மூடிவிட்டார்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு தனி எண் வெட்டுவார்கள். E-இல் தொடங்கும் இரண்டெழுத்தும் அதற்குப் பின்னால் ஆறு இலக்கங்களும் என்றால் அது கிளைட்பேங்க். எந்த எண் தொகுதியை எந்த ஆண்டு ஒதுக்கினார்கள் என்ற பதிவும் இருக்கிறது. ஆக, எண் இருந்தால் மெஷின் பிறந்த வருடம் தெரியும்.

பிறந்த வருடம் தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று கேட்கலாம். திரும்பி வந்த நாட்களில் ஒவ்வொரு மேசையிலும் நம்மிடம் கேட்ட கேள்வியை நினைத்துப் பாருங்கள்: நீங்கள் இங்கேதான் இருந்தீர்கள் என்பதற்கு என்ன இருக்கிறது? உறுதி எரிந்தது, காட் தொலைந்தது, வீடு தரைமட்டம். தையல் மெஷினின் எண்ணை எந்தக் கந்தோரும் அத்தாட்சியாக எடுக்காது, அது எனக்கும் தெரியும். ஆனாலும் என் மகளுக்கு, "இது இந்த வருடம் செய்த மெஷின், இந்த மண்ணுக்குள் இருபது வருடம் கிடந்தது, உன் கொள்ளுப்பாட்டி இதில் இந்த ஊருக்குத் தைத்தார்" என்று சொல்ல எனக்கு ஓர் எண் வேண்டும். நானே அதை அழித்தேன்.

இவ்வளவும் சொன்னபின், எப்படிச் செய்வது என்றும் சொல்ல வேண்டும். நான் இப்போது செய்யும் முறையைச் சொல்கிறேன். காலியில் ஒல்லாந்தர் கப்பல் அவொண்ட்ஸ்டர் 1659-இல் மூழ்கியது. அதை 2001 தொடக்கம் 2004 வரை நம் நாட்டுச் சுழியோடிகள் அகழ்ந்தார்கள். கடலிலிருந்து எடுத்த சாமானை உடனே காயவிடாமல் தண்ணீருக்குள்ளேயே வைத்து, மாதக்கணக்கில் உப்பை இறக்கினார்கள். (அந்த ஆய்வுகூடத்தை 2004 டிசம்பர் 26 சுனாமி அடித்துக்கொண்டு போனது. கடலிலிருந்து மீட்ட சிலவற்றைக் கடலே திரும்ப எடுத்துக்கொண்டது.) அவர்கள் கையாண்ட அடிப்படையும் மேலே சொன்னதுதான்: முதலில் உப்பு, கறள் பிறகு.

முதல் காரியம், எதையும் தொட முன் ஃபோனில் படம் எடுங்கள். எழுத்து, எண், பூ, கம்பனி முத்திரை எல்லாவற்றையும் பக்கவாட்டில் வெளிச்சம் பிடித்து எடுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் கறளுக்குள் இருக்கும் எழுத்தும் தெரியும். மண்ணைப் பழைய பல் தூரிகையால் தட்டுங்கள்.

மெஷின் கால், சில்லு, மிதிப்பலகை போன்ற வெறும் வார்ப்பிரும்புச் சாமான்களை ஊறப் போட வேண்டும். நம் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அதிலேயே உப்பு. மாரி காலத்தில் ஒரு பரலில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். வெறும் தண்ணீரில் இரும்பு மேலும் கறள் பிடிக்கும், அதனால் வாஷிங் சோடாவைக் கரைத்து விடுங்கள். காரத் தண்ணீரில் இரும்பு கறள் பிடிப்பது அடங்கும், உப்பு மெல்ல வெளியே வரும். வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். அலுமினியச் சாமானை மட்டும் இதற்குள் போடாதீர்கள், சோடா அதைத் தின்றுவிடும்.

உப்பு முடிந்ததா என்று எப்படித் தெரியும்? பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் நம் பிள்ளைகள் செய்யும் சோதனைதான். ஊறிய தண்ணீரில் கொஞ்சத்தைப் பரிசோதனைக் குழாயில் எடுத்து, நுரை அடங்கும்வரை ஐதான நைத்திரிக்கமிலம் விட்டு, பிறகு வெள்ளி நைத்திரேற்று இரண்டு துளி. பால்போல வெளுத்தால் குளோரைட்டு இன்னும் இருக்கிறது. அமிலம் விடாமல் சோதித்தால் சோடாவும் வெளுப்பைக் காட்டி நம்மை ஏமாற்றும். வீட்டில் செய்ய வேண்டாம், தண்ணீரைப் போத்தலில் கொண்டு வந்தால் நான் பார்த்துத் தருகிறேன். அதிபரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். பிள்ளைகளுக்கும் அது பாடம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "சேர், இது கடல் மெஷினுக்குள்ள இருந்து வெளிய வருதா?" என்று கேட்டாள். அதைவிட நன்றாக நானும் விளக்கியதில்லை.

பெரிய வார்ப்பிரும்புச் சாமானில் தடித்த கறள் இருந்தால், பரமசிவன் சிலைகளுக்குச் செய்த மின்முறையை நாமும் சின்னதாகச் செய்யலாம். பிளாஸ்டிக் பரல், சோடாத் தண்ணீர், 12 வோல்ற் பற்றி சார்ஜர். சாமானை எதிர்முனையில் கொடுத்து, பழைய இரும்புத் துண்டொன்றை நேர்முனையில் கொடுங்கள், இரண்டும் முட்டக் கூடாது. மாறிக் கொடுத்தால் சாமான் கரைந்து போகும். நேர்முனைக்குக் கறள்பிடிக்காத எவர்சில்வரைப் பாவிக்க வேண்டாம், தண்ணீரில் நஞ்சு சேரும். சோடாவுக்குப் பதில் உப்புப் போடவே கூடாது, குளோரின் வாயு வரும். எழுகின்ற குமிழி ஐதரசன். வெட்டவெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் வேண்டாம்.

இறுகிய ஆணிகளைச் சுத்தியலால் அடிக்காதீர்கள், வார்ப்பிரும்பு பிஸ்கட் போல உடையும். பழைய மெக்கானிக் நானா ஒருவர் எனக்குச் சொன்னது: மண்ணெண்ணெயும் இயந்திர எண்ணெயும் கலந்து துளித்துளியாக விட்டு ஒரு கிழமை மறந்துவிடு. மறப்பதுதான் கஷ்டம். தேசிக்காய், புளி இரண்டும் கறளைக் கரைக்கும், உண்மை. ஆனால் இராத்திரி முழுக்கப் போட்டு வைத்தால் நல்ல இரும்பையும் ஆணியின் புரியையும் சேர்த்துத் தின்னும். பித்தளையைப் போட்டு மறந்தால் மேலே செம்பு பூத்துச் சிவந்து நிற்கும். அரை மணித்தியாலம், பிறகு நன்றாகக் கழுவல், சோடாத் தண்ணீரில் ஒரு முக்கு, வெயிலில் காய்ச்சல். காய்ந்ததும் தையல் மெஷின் எண்ணெய். தேங்காயெண்ணெய் வேண்டாம். நம் வீடுகளில் பல மெஷின்கள் இறுகிப் போனது கறளால் அல்ல, பிசினாகிப் போன தேங்காயெண்ணெயால்.

மெஷினின் தலை வேறு விஷயம். கறுப்புப் பூச்சும் தங்க எழுத்தும் இருக்கும் இடத்தில் சோடாவும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம், தண்ணீரில் ஊறவும் வேண்டாம். எழுத்துக்கு மேலே உள்ள மெல்லிய வார்னிஷ் வெளுத்துக் கழன்றுவிடும். மெஷின் எண்ணெய் தொட்ட பஞ்சு மட்டும், விரல் நுனியால், அழுத்தாமல். அப்படிச் செய்தால் உள்ளே கொஞ்சம் உப்பு தங்கத்தான் செய்யும். உப்பை எடுப்பதா, எழுத்தைக் காப்பதா என்று இங்கே தெரிவு செய்ய வேண்டும். நான் எழுத்தைத் தெரிவு செய்கிறேன். மீதி உப்புக்குக் காவலாக வருடத்துக்கு இரண்டு முறை எண்ணெய் போட்டு, காய்ந்த இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மெஷினை ஓட்டித் தைக்கப் போகிறவர்கள் வேறு விதமாக முடிவெடுக்கலாம், அதில் பிழையில்லை. புதிதாகப் பெயின்ற் அடித்து ஓடவிடுவதும் ஒரு மரியாதைதான். ஆனால் அதற்கு முன் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உப்பை முழுதாக வென்றவர் யாரும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்கரையில் பாம்பன் பாலம். 1914 பெப்ரவரி 24-இல் திறந்தது. நம் தலைமன்னார்த் துறைக்கு ரயிலும் கப்பலுமாக ஆள் வந்த பாதை. உலகத்திலேயே இரும்பை மிக வேகமாக அரிக்கும் கடற்கரைகளில் ஒன்று என்று அதற்குப் பெயர். வருடம் முழுவதும் ஆட்கள் சுரண்டுவார்கள், பெயின்ற் அடிப்பார்கள், ஒரு முனை முடியும்போது மறுமுனை தொடங்கும். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் அரிப்பைப் பற்றித்தான் பெரும் ஆராய்ச்சி செய்கிறது. அப்படியிருந்தும் 2022 டிசம்பரில் தூக்குப் பகுதியின் அரிப்பால் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது. 2025 ஏப்ரலில் பக்கத்தில் புதிய பாலம் திறந்தார்கள். அதன் கம்பிகள் கறள்பிடிக்காத உருக்கு. நூற்றெட்டு வருடம் தாங்கியது நல்ல கணக்கு என்றுதான் நான் சொல்வேன். அந்த உப்புக் காற்றுதான் நம் வளவுக்கும் வருகிறது.

முக்கியமான ஒன்று. காடு வெட்டும்போது கிடைக்கும் எல்லா இரும்பும் மெஷின் அல்ல. மிதிவெடி அகற்றியவர்களின் கருவி ஒவ்வொரு கறள் ஆணிக்கும் கத்தியது, அவர்கள் ஒவ்வொன்றையும் குந்தியிருந்து தோண்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கே அவ்வளவு கவனம் வேண்டியிருந்தது. உருவம் விளங்காத கறள் கட்டியைக் கண்டால் தட்ட வேண்டாம், தூக்க வேண்டாம். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு உரியவர்களுக்கு அறிவியுங்கள்.

லொறியிலிருந்து வாங்கிய அந்தக் காலுக்குச் சொந்தக்கார உம்மாவைக் கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான். "எடுத்துக்கோ வாப்பா, எனக்கு என்னத்துக்கு" என்றார். பிறகு உள்ளே போய், துணியில் சுற்றிய மெஷின் தலையையும் கொண்டு வந்து தந்தார். இரும்புக்காரரிடம் கொடுக்க அதற்கு மட்டும் மனம் வரவில்லையாம். அதன் வலப்பக்கத்தில் அந்தச் சதுரம் இருக்கிறது. பஞ்சும் எண்ணெயுமாக நான்கு இரவு இருந்தேன். E தெரிகிறது. அடுத்த எழுத்து H அல்லது K. மூன்று இலக்கம் தெளிவு, மீதி மூன்றும் இன்னும் கறளுக்குள்.

கால் எங்கள் வீட்டுப் பின்பக்கப் பரலில் கிடக்கிறது. நேற்று மூன்றாவது தடவை தண்ணீர் மாற்றினேன். பழைய தண்ணீரைச் சோதித்துப் பார்த்தோம். முதல் கிழமை தயிர் போல இருந்தது, இப்போது அரிசி கழுவிய தண்ணீர் அளவில் வெளுக்கிறது.